விசிறியின் வாயை அடைக்காதீர்கள்

மடிக்கணினியின் விசிறியைப் பற்றி ஒரு தமிழாசிரியருக்கு என்ன கருத்து இருக்க முடியும் என்று நீங்கள் எண்ணலாம். எனக்கும் சென்ற ஆண்டு வரை எக்கருத்தும் இருந்ததில்லை.

எங்கள் வகுப்பறையில் குளிரூட்டி இல்லை. நண்பகலில் வெப்பம் 32 பாகையைத் தொடும். பாடம் நடக்கும்போது என் மடிக்கணினியின் விசிறி இரைய, "டீச்சர், விமானம் கிளம்புது" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். எரிச்சலுற்ற நான், ஒரு மென்பொருளைக் கொண்டு விசிறியைக் குறைந்த வேகத்தில் நிலையாக நிறுத்தி வைத்தேன். வகுப்பு அமைதியானது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சில வாரங்களுக்குப் பின், கதை சொல்லும் போட்டிக்கு மாணவர்களின் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். வகுப்பில் வாயே திறவாத மாணவி ஒருத்தி, அன்று மூன்று நிமிடம் தடையின்றிப் பேசினாள். அவள் முடிக்கும் தறுவாயில் திரை கறுத்துவிட்டது. கணினியின் அடிப்பாகத்தில் கை வைக்க இயலவில்லை. பதிவு சேமிக்கப்படவில்லை. "மறுபடியும் சொல்லணுமா டீச்சர்?" என்று கேட்டாள். மறுபடியும் சொன்னாள், ஆனால் அந்தத் துணிவு திரும்பி வரவில்லை. பிழை கணினியுடையதன்று, என்னுடையது.

அதன் பிறகே இந்தச் சிறிய விசிறி எவ்வாறு இயங்குகிறது என்று கற்றேன். செயலிக்குள் வெப்ப உணரி இருக்கிறது. அது தரும் அளவைக் கட்டுப்பாட்டுச் சில்லு இடையறாது படித்து, அதற்கேற்ப விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வெப்பம் மேலும் ஏறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதுவும் போதாவிடில், தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி அணைந்துவிடுகிறது. நான் முதற்காவலைக் கட்டிப்போட்டேன். கடைசிக் காவல் தன் கடமையைச் செய்தது.

லினக்சு இயங்குதளத்தில் 'ஃபேன்கண்ட்ரோல்' என்றொரு கட்டற்ற நிரல் உண்டு. அதில் இரண்டு வெப்ப எல்லைகளை நாமே குறிக்கலாம். 45 பாகையைக் கீழ் எல்லையாகவும் 75 பாகையை மேல் எல்லையாகவும் கொடுத்தால், இடைப்பட்ட 60 பாகையில் விசிறியின் விசையும் ஏறக்குறைய நடுவில் நிற்கும். வெப்பம் ஏற ஏற வேகமும் படிப்படியாக ஏறும். ஆயினும் எல்லா மடிக்கணினிகளும் இத்தகைய நிரலுக்கு இடங்கொடுப்பதில்லை. மேலும், நிரல் முறையாக முடியாமல் இடையில் செயலிழந்தால், விசிறி கடைசியாகப் பெற்ற வேகத்திலேயே கிடக்கக்கூடும். ஆகவே, தெளிவாக அறிந்தவர்களைத் தவிர மற்றவர்கள் தயாரிப்பாளர் அமைத்த தானியங்கு முறையை விட்டுவிடுவதே நலம் என்பது என் கருத்து. 'சத்தம் போடாமல் செய்கிறேன்' என்று எவரேனும் முன்வந்தால், வெப்பத்தை எவ்வாறு குறைப்பார் என்று முதலில் கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், மெத்தையிலும் தலையணையிலும் மடிக்கணினியை வைத்துப் படித்த பழக்கம் பல பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது. பல கணினிகளுக்குக் காற்று புகும் வழி அடிப்பாகத்தில்தான் உள்ளது. அதை மெத்தை மூடிவிட்டால் எந்தத் தானியங்கு முறையாலும் பயனில்லை. தட்டையான மேசையில் வையுங்கள். தூசியை அவ்வப்போது அகற்றச் செய்யுங்கள். விசிறி வழக்கத்தைவிட அதிகமாக இரைந்தால், அது ஏதோ சொல்கிறது என்று பொருள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் நகரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர் வாரன் ஜான்சன். வெப்பநிலையைப் பார்க்கப் பணியாளர் அடிக்கடி வகுப்புக்குள் நுழைவது அவருக்கு இடையூறாக இருந்தது. அறையின் வெப்பம் மாறினால் கீழே உள்ள உலை அறையில் மணி ஒலிக்கும் மின்கருவி ஒன்றை உருவாக்கி, 1883இல் காப்புரிமை பெற்றார். வகுப்பறைத் தொல்லை ஒன்றைத் தீர்க்க ஓர் ஆசிரியர் கண்ட வழி அது. அளந்து பார், ஒப்பிட்டுப் பார், அதற்கேற்பச் செயல்படு என்னும் அதே நெறிதான் நம் மடிக்கணினிக்குள்ளும் இருக்கிறது.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா? கணினியைத் திறக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் காணொளியை ஓடவிட்டு, விசிறியின் ஒலி எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று மாணவர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். "ஏன்?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

என் கணினியில் தானியங்கு முறையை மீட்டுவிட்டேன். நண்பகலில் இப்போதும் விமானம் கிளம்புகிறது, மாணவர்களும் சிரிக்கிறார்கள். அந்த மாணவி இவ்வாண்டும் கதை சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறாள். இம்முறை, ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை பதிவைச் சேமித்துக்கொண்டே இருப்பேன்.