வீட்டை விற்றுப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியோர்கள், "வீட்டை விற்றுப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். அவர்கள் அதை ஏன் சேர்க்கவில்லை என்பது ஊகிக்கக் கூடியதே. அந்நாளில் ஒருவர் வீட்டை விற்றார் என்றால் குடும்பம் நொடித்துவிட்டது என்று ஊரார் தீர்மானித்து விடுவார்கள். இந்நாளில் அப்படியல்ல. பிள்ளை பெங்களூரில், பெண் சிங்கப்பூரில், பெற்றோர் சென்னையில் ஒரு மாடிக் குடித்தனத்தில். ஊரிலுள்ள வீட்டிலோ வௌவால் குடியிருக்கிறது! விற்காமல் என்ன செய்வது?

கும்பகோணத்தில் தகப்பனார் விட்டுப் போன வீட்டை விற்க முற்பட்ட நண்பர் ஒருவர் சென்ற ஐப்பசி மாதம் நம்மிடம் வந்தார். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கிணறு எல்லாம் உள்ள பழைய வீடு அது. அவர் கையில் இருந்தது முப்பதாயிரம் ரூபாய்.

"இந்தப் பணத்தில் வீட்டைப் புதிதாக்கிக் காட்ட வேண்டும். பின்கட்டு அறையில் மட்டும் சுவர் கொஞ்சம் ஓதம் காத்திருக்கிறது. அதன் மேல் சிமெண்டைப் பூசி, பளபளவென்று வர்ணம் அடித்து விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார்.

"உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டோம்.

நண்பர் சற்று தயங்கினார். "'வாங்குகிறவனும் பிள்ளை குட்டிக்காரனாகத்தானே இருப்பான், தம்பி?' என்கிறாள்" என்றார்.

அம்மாளின் வாக்கில் தர்மம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்பவருக்கு ஒரு கடமையை விதித்திருக்கிறது. தமக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரண ஜாக்கிரதையுடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறையை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தின் குறைக்கும் இது பொருந்தும். உரிமையின் குறைக்கும் பொருந்தும். சொல்லாமல் மறைப்பதை அந்தச் சட்டம் மோசடி என்றே குறிப்பிடுகிறது. ஆகையால் மறைப்பதற்குச் செலவிடும் பணம், வம்பை விலை கொடுத்து வாங்கும் பணமாகும்.

அது போகட்டும். சிமெண்டுப் பூச்சு மறைக்கவாவது செய்யுமா என்றால், அதுவும் இல்லை. பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டது. அது ஈரத்தை வாங்கும். வெயில் காலத்தில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடுத்த மழையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். நோய் மாடியில் இருக்கும்போது சுவருக்கு மருந்து போடுவதில் என்ன பயன்?

எனவே முதற் செலவு மொட்டைமாடிக்கு. தூம்புவாயில் அடைத்திருந்த சருகை அகற்றச் சொன்னோம். கைப்பிடிச் சுவரில் முளைத்திருந்த அரசங்கன்றை வேரோடு களைந்து, தளத்தின் வெடிப்புகளை அடைக்கச் சொன்னோம். இதற்குப் பதினோராயிரம் ரூபாய் ஆயிற்று. பிறகு மார்கழி முடியும் வரை சுவரைத் தொட வேண்டாம் என்றோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் உலர்ந்த பிறகு அடிக்கும் வெள்ளைதான் நிற்கும். அவசரக்காரருக்கு இரட்டைச் செலவு.

தை பிறந்ததும் திண்ணை, கூடம், சமையலறை ஆகிய மூன்றுக்கும் மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். சிறிது நீலமும் வஜ்ரமும் கலந்த, பழைய வழக்கப்படியான வெள்ளைதான். செலவு ஒன்பதாயிரம். சொட்டுகிற குழாய்களுக்கு வாஷர், இருண்ட ரேழிக்கு நல்ல விளக்கு, கிறீச்சிடும் கதவுகளுக்கு எண்ணெய், உடைந்த இரண்டு தாழ்ப்பாள்கள் ஆகியவற்றிற்கு நாலாயிரம். பரணில் கிடந்த ஓட்டைத் தகரப் பெட்டிகளையும் கால் ஒடிந்த நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பி, தளவரிசையைத் தேய்த்துக் கழுவ மூவாயிரம். முற்றத்து வெளிச்சம் கூடத்தில் விழுந்ததைக் கண்டு, "நம் வீடு இத்தனை பெரியதா?" என்று நண்பரே அதிசயித்தார். வீட்டைப் பெரிதாக்க மிகவும் மலிவான வழி, சாமான்களைக் குறைப்பதுதான்!

செய்யத் தேவையில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். புதிய சமையலறை மேடையும், பளிங்குத் தரையும், பொய்க்கூரையும் வேண்டாம். வாங்குகிறவர் அவற்றைத் தமது ருசிப்படி மாற்றிக்கொள்வார். நாம் போட்ட பணம் நமக்குத் திரும்பும் என்ற நிச்சயம் இல்லை.

மிச்சம் மூவாயிரம் ரூபாய். அதை வைத்துக்கொண்டுதான் மிகப் பெரிய வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. அது காகித வேலை. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, மின்சார ரசீது ஆகியவற்றை ஒரே கட்டாகக் கட்டி வைத்திருப்பவரின் வீடு பாதி விற்ற மாதிரி. வில்லங்க விவரத்தையும் பட்டாவையும் இப்போது அரசாங்க இணைய தளங்களில் கட்டணமின்றியே பார்க்கலாம். நண்பர் பார்த்தார். பட்டா இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருந்தது.

"வாரிசுச் சான்று வாங்கினால் போயிற்று. அக்காவுக்குத்தான் அப்போதே கல்யாணம் செய்து, நகை நட்டுப் போட்டு அனுப்பியாகி விட்டதே. அவள் கையெழுத்து எதற்கு?" என்றார்.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறி விழுகின்றன. ஹிந்துத் தகப்பனார் உயில் எழுதாமல் காலமானால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சமபாகம் என்று 1956-ம் வருஷத்து வாரிசுச் சட்டமே சொல்லிவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்புரிமை தர 1989-ல் தமிழ்நாடும், 2005-ல் மத்திய அரசும் சட்டத்தைத் திருத்தின. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. போட்ட நகை, பாகத்தை அழிக்காது. அக்காளின் கையெழுத்து இல்லாத பத்திரம், வெடிப்புள்ள மாடியைப் போன்றது. என்றைக்காவது ஒழுகியே தீரும்.

நண்பர் மறுநாளே திருச்சிக்குப் போனார். அக்காள் சண்டை பிடிப்பாள் என்று பயந்துகொண்டு போனவரை அவள் சாப்பிடச் சொன்னாளாம். பிறகு, "நீ கேட்காமல் விற்றிருந்தால்தான் வழக்குப் போட்டிருப்பேன், தம்பி. நேரில் வந்து கேட்டாய், வந்து கையெழுத்துப் போடுகிறேன். என் பாகத்தை மட்டும் கணக்காகக் கொடுத்துவிடு" என்றாளாம். இதைவிட நியாயமான பேச்சு வேறென்ன இருக்க முடியும்?

மாசியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மனைவியுடன் வீடு பார்க்க வந்தார். நண்பர் முதலில் பின்கட்டு அறைக்கே அழைத்துப் போய், "இந்தச் சுவர் ஓதம் காத்தது. மாடியைப் பழுது பார்த்திருக்கிறோம். இன்னும் ஒரு மழை பார்த்த பிறகு நீங்கள் பூசிக்கொள்வது நல்லது" என்றார். ஆசிரியர் பூச்சு வேலைக்காக நாற்பதாயிரம் ரூபாயை விலையில் குறைத்துக் கேட்டார். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு நாலிலிருந்து இரண்டாகக் குறைந்தும், முத்திரைத் தீர்வை ஏழுடன் சேர்த்து வழிகாட்டி மதிப்பில் நூற்றுக்கு ஒன்பது அவர் கட்டியாக வேண்டுமல்லவா? நண்பர் இசைந்தார். அந்த நாற்பதாயிரம் நஷ்டமா என்று நம்மைக் கேட்டால், நிம்மதிக்கு அது மலிவான விலை என்போம்.

பத்திரம் பதிவான அன்று நண்பரின் தாயார் ஒரு காரியம் செய்தாராம். வீட்டுச் சாவிகள் ஒவ்வொன்றிலும் எந்தக் கதவுக்கு உரியது என்று எழுதிய சீட்டைக் கட்டி, ஆசிரியரின் மனைவியிடம் கொடுத்தார். "சமையலறைக் கதவை மட்டும் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும், அம்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாராம்.