எதிரணி இல்லையேல் ஆட்டம் இல்லை



மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால் போதும், எங்கள் பள்ளியின் முகமே மாறிவிடும். காலைச் சபைகூடலில் வரிசையாக நிற்கும்போதே முதல் நாள் ஆட்டத்தைப் பற்றிய முணுமுணுப்பு தொடங்கிவிடும். இரண்டு ஆட்டங்கள்கூட முடிந்திருக்காது. அதற்குள் இவ்வாண்டு கிண்ணம் யாருக்கு என்ற தீர்ப்பு ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் வழங்கப்பட்டுவிடும். நான் பணியாற்றுவது பொந்தியானில். இங்கிருந்து சுல்தான் இப்ராஹிம் விளையாட்டரங்கம் அதிகத் தொலைவில் இல்லை. ஆகவே, தீர்ப்பு எப்பொழுதும் ஒன்றுதான்: ஜேடிடி!

நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இக்கட்டுரையை ஒரு நடுவராக நான் எழுதவில்லை. ஜொகூர் அணியின் தீவிர இரசிகனாக, ஆசிரியர் என்ற நிலையில் ஒரு முறை தவறிழைத்தவனாக எழுதுகிறேன்.

1991ஆம் ஆண்டில் நான் தொடக்கப்பள்ளி மாணவன். அவ்வாண்டு ஜொகூர் அணி லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 எனும் கோல் எண்ணிக்கையில் வீழ்த்தியது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து அதைக் கண்டு, தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடிய சிறுவர்களுள் நானும் ஒருவன். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களான அப்பாஸ் சாட், ஆலன் டேவிட்சன் ஆகியோரின் பெயர்கள் எங்களுக்கு வாய்ப்பாடுபோல் மனப்பாடம்.

அதன் பிறகு நடந்தது என்ன? மீண்டும் லீக் பட்டத்தைக் காண 2014 வரை காத்திருந்தோம். மலேசியக் கிண்ணத்தைக் காண 2017 வரை காத்திருந்தோம். சிறுவனாகக் கத்தியவன் ஆசிரியராகி, குடும்பத் தலைவனாகி, தலையில் நரை எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்தான். அந்த நீண்ட ஆண்டுகளில் ஜொகூர் அணியை நேசித்தவன் எவனும் வெற்றிக்காக நேசிக்கவில்லை. ‘நம் அணி’ என்ற ஒரே காரணத்திற்காகவே நேசித்தான்.

இன்றைய மாணவர்களின் நிலை வேறு. 2014 முதல் 2024-25 வரை 11 பருவங்களிலும் லீக் பட்டம் ஜேடிடிக்கே சென்றது. 2015இல் தஜிகிஸ்தான் நாட்டின் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தையும் ஜேடிடி கைப்பற்றியது. தென்கிழக்காசியாவிலிருந்து அக்கிண்ணத்தை வென்ற முதல் குழு அதுவே. 2023ஆம் ஆண்டில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து லீக்கில் வேறு வெற்றியாளரைக் கண்டதே இல்லை! அவர்களுக்குத் தோல்வி என்பது மற்றவர்களுக்கு நேரும் ஒன்று.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

2024ஆம் ஆண்டின் பள்ளித் தவணை தொடங்கியபோது ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்குப் புதிய மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். தந்தைக்குப் பணியிட மாற்றம். கிள்ளானிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம். அவனது புத்தகப்பையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த சிலாங்கூர் அணியின் சின்னம் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரே ஒரு சிலாங்கூர் இரசிகன்! அவனது நிலையை நீங்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளுங்கள். தொடக்கத்தில் அவன் சளைக்கவில்லை. “மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்றது எங்கள் அணி; உங்கள் அணி எத்தனை முறை?” என்று கேட்டு மற்றவர்களைத் திணறடித்தான். தாத்தாவிடம் கற்ற பாடமாம். ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தைப் பற்றியும் தாத்தா சொல்லியிருக்கிறார். என் வகுப்பில் அப்பெயரை அறிந்திருந்த ஒரே மாணவன் அவன்தான்.

அவ்வாண்டு மே மாதம் நடந்தவற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மே 5ஆம் நாள் சிலாங்கூர் ஆட்டக்காரர் பைசால் ஹலிம் மீது பேரங்காடி ஒன்றில் எரிதிராவகம் வீசப்பட்டது. கடுமையான தீப்புண்களுடன் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் திரங்கானு அணியின் அக்யார் ரஷிட் கொள்ளையர்களால் தாக்கப்பட்டிருந்தார். அதே வாரத்தில் ஜேடிடியின் சாபிக் ரஹிமும் வழிமறிக்கப்பட்டு, அவரது வாகனத்தின் பின்புறக் கண்ணாடி உடைக்கப்பட்டது. மே 10ஆம் நாள் ஜேடிடிக்கும் சிலாங்கூருக்கும் இடையே பருவத்தின் தொடக்க ஆட்டமாகிய சும்பாங்சே கிண்ணப் போட்டி நடைபெறவிருந்தது. ஆட்டத்தை ஒத்திவைக்க வேண்டுமென்ற சிலாங்கூரின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவ்வணி ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. ஜேடிடி 3-0 என வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அப்பொழுது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பிற்குள் நுழைந்தேன். எல்லாரும் அதே பேச்சு. நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அந்த மாணவனைப் பார்த்து, “என்ன தம்பி, சிவப்பு அரக்கர்களுக்குக் காய்ச்சலா? ஆட வரவே இல்லையே!” என்றேன்.

வகுப்பே அதிரச் சிரித்தது. அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆசிரியரே சிரித்துவிட்டார் அல்லவா? மாணவர்களுக்கு வேறென்ன அனுமதி வேண்டும்! ஓய்வு நேரத்தில் ‘ஓடிப்போனவன்’ என்று அவனுக்குப் பெயர் சூட்டினர். செவ்வாய்க்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமை அவனுடைய தாயார் வந்தார். குரலை உயர்த்தவில்லை, புகார் என்றுகூடச் சொல்லவில்லை. “ஐயா, ஆட்டத்தில் தோற்றதற்காக அவன் அழவில்லை. பைசாலுக்கு முகமெல்லாம் வலிக்குமே என்றுதான் இரவெல்லாம் அழுகிறான். அவர் படத்தைத் தன் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான்” என்றார்.

அந்தச் சொற்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அத்தாக்குதலுக்கான காரணத்தை ஊகிப்பது நம் வேலையன்று. இரசிகர் பகைமைதான் காரணம் என்று நான் கூற வரவில்லை. நான் கூற வருவது நம் வாயைப் பற்றி. ஒரு மனிதன் தீப்புண்ணுடன் மருத்துவமனையில் கிடந்தபோது, அவனது அணி வராததைக் கேலிப்பொருளாக்க என்னால் எப்படி முடிந்தது? அணியின் சட்டை நிறம் என் கண்ணை மறைத்துவிட்டது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியல் படித்தவன் நான். நன்னெறிக் கல்வியும் கற்பிப்பவன். படித்ததும் கற்பித்ததும் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போயின?

இதற்காக, “பிள்ளைகள் காற்பந்து பார்க்க வேண்டா, அணி அணியாகப் பிரிய வேண்டா” என்று சிலர் கூறுவதை நான் ஏற்கமாட்டேன். போட்டி நல்லது. நம் பள்ளியின் இல்ல விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று நாம்தானே பிரிக்கிறோம்? எதிரே ஒருவன் ஓடினால்தான் நம் பிள்ளையின் கால்கள் விரையும். எதிரணி என்பது பகையணி அன்று. நம் ஆற்றலை நமக்கே காட்டும் கண்ணாடி அது.

எதிரணியை இழந்தால் என்னவாகும் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. 1921இல் தொடங்கிய மலேசியக் கிண்ண வரலாற்றின் முதல் இறுதியாட்டம் சிங்கப்பூருக்கும் சிலாங்கூருக்கும் இடையே நடந்தது. சிங்கப்பூர் 24 முறை அக்கிண்ணத்தை வென்ற அணி. 1994இல் லீக்கையும் கிண்ணத்தையும் வென்ற பிறகு அவ்வணி நம் போட்டிகளிலிருந்து விலகியது. பாலத்துக்கு அந்தப் பக்கத்து அணியைத் திட்டித் தீர்த்த ஜொகூர்க்காரர்களே பிறகு, “அந்தக் காலத்து ஆட்டம் போல வருமா!” என்று ஏங்கியதை நான் கேட்டிருக்கிறேன். திட்டுவதற்கு ஆளில்லாமல் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது. சிலாங்கூர் வலுவாக இருந்தால்தான் ஜேடிடியின் வெற்றிக்கு மதிப்பு. 2023இலும் 2024-25இலும் லீக்கில் இரண்டாம் இடத்தைப் பிடித்துத் துரத்தியது சிலாங்கூர்தானே?

மேலும், இந்தப் பிரிவு எவ்வளவு மெல்லியது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எஸ். குணாளன் சிலாங்கூருக்கும் ஆடினார், ஜேடிடிக்கும் ஆடினார். சாபிக் ரஹிமும் அப்படியே. 2010இல் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து, இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை நாட்டிற்குக் கொண்டுவந்த அணியில் இவ்விருவரும் இடம்பெற்றிருந்தனர். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணப் போட்டியில் தென்கொரியாவுடன் 3-3 எனச் சமநிலை கண்டோமே, அந்த ஆட்டத்தில் நம் முதல் கோலைப் போட்டவர் சிலாங்கூரின் பைசால் ஹலிம். நம் இரண்டாவது கோலைப் போட்டவர் ஜேடிடியின் ஆரிப் ஐமான். அன்றிரவு என் வீட்டில் இரண்டு கோலுக்கும் ஒரே அளவு சத்தம்தான் எழுந்தது. அதே பைசாலை நான்கு மாதங்களுக்குப் பிறகு மறந்துபோனவன்தான் நான்.

பருவத் தொடக்கத்தின் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். 2024-25 பருவத்தில் 13 அணிகள். ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள். மூன்று ஆட்டங்கள் முடிந்தால் எட்டில் ஒரு பங்குதான் முடிந்துள்ளது. பின்னம் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு உண்டோ? எட்டில் ஒரு பங்கைக் கண்டு ஓர் அணியைத் தூற்றுவதும், முதல் சோதனையின் புள்ளியைக் கண்டு ‘இவன் தேறமாட்டான்’ என்று பிள்ளையைத் தள்ளுவதும் ஒன்றுதான். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய யானை எழுந்தும் நடக்கும். பைசால் ஹலிம் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அதே ஆண்டிலேயே திடலுக்குத் திரும்பினார் அல்லவா?

தாயார் வந்து சென்ற மறுநாள், வகுப்பின் முன் நின்று அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. வகுப்பு அன்று இருந்த அமைதியில் வேறெந்த நாளும் இருந்ததில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினேன். முதல் நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச விரும்பும் மாணவன், முதலில் எதிரணியைப் பற்றி உண்மையான ஒரு பாராட்டைச் சொல்ல வேண்டும்; அதன் பின்னர் எவ்வளவு வேண்டுமானாலும் தன் அணியைப் பற்றிப் பெருமையடித்துக் கொள்ளலாம். தொடக்கத்தில் “அவர்களின் சட்டை அழகாக இருந்தது” என்று ஒப்புக்குச் சொன்னார்கள். நாளடைவில் ஆட்டத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினர். பாராட்ட வேண்டுமானால் பார்க்க வேண்டுமே! தமிழில் வருணித்துப் பேசும் பயிற்சியும் கூடவே கிடைத்தது.

பெற்றோர்களே, தொலைக்காட்சியின் முன் நீங்கள் எதிரணியினரை நோக்கி வீசும் சொற்கள் மறுநாள் காலை எங்கள் வகுப்பறைக்கு வந்துவிடுகின்றன. தயவுகூர்ந்து அவற்றை எண்ணிப் பேசுங்கள். எப்பொழுதும் வெல்லும் அணியின் இரசிகனாகப் பிள்ளை வளர்வதில் தவறில்லை. ஆனால், தோற்றவனின் தோளில் கைபோடக் கற்காமல் அவன் வளர்ந்துவிடக் கூடாது. ஆசிரியர்களே, வகுப்பில் தனித்து நிற்கும் அந்த ஓர் இரசிகனைக் கவனியுங்கள். முப்பது பேருக்கு நடுவே தன் அணியை விட்டுக்கொடுக்காதவனின் நெஞ்சுரம், கிண்ணங்களை எண்ணிக் கொண்டிருக்கும் நமக்கு இல்லை.

பாராட்டுச் சொல்லும் முறை அவனுக்கு வந்தபோது அவன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “ஆரிப் ஐமான் ஓடும்போது பந்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டே போகிறது, ஐயா. எங்கள் அணியோடு ஆடும்போது மட்டும் அவர் கொஞ்சம் மெதுவாக ஓடலாம்!”

வகுப்பே சிரித்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் இப்பொழுது எங்கள் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவன் நினைவு வருகிறது. ஜேடிடி வெல்ல வேண்டும் என்றே இன்னமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால், சிலாங்கூர் கோல் போடும்போது எங்கோ ஒரு வீட்டில் அவன் துள்ளிக் குதிப்பான் என்று எண்ணுகையில், முன்போல் எனக்கு எரிச்சல் வருவதில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.