கோமாரி தடுப்பூசி: கழுத்தில் போட்டால் கறிக்கும் நல்லது

கோமாரி நோயை 2030-க்குள் ஒழிப்பது மத்திய அரசின் இலக்கு. இதற்கான தேசியத் திட்டம் 2019 செப்டம்பரில் ரூ.13,343 கோடி ஒதுக்கீட்டில் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடு, எருமைகளுக்கு இலவசமாக ஊசி போடுகிறார்கள். ஆனாலும், "பால் குறையும்" என்று பலர் தவிர்க்கிறார்கள். பால் குறைந்தாலும் சில நாட்களில் தேறிவிடும். நோய் வந்தாலோ, கறவை மட்டுமல்ல, கடைசியில் விற்கும் விலையும் போகும்.

எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா முன்னணி நாடு. ஆனால், கோமாரி இருப்பதால் பல நாடுகள் நம் இறைச்சியை வாங்குவதில்லை. வாங்கும் நாடுகளுக்கும் எலும்பும் நிணநீர்க் கட்டிகளும் நீக்கித்தான் அனுப்புகிறோம். காரணம், அறுத்தபின் தசையில் அமிலத்தன்மை கூடும்போது கிருமி அழியும். எலும்பு மஜ்ஜையில் அழியாது. காய்ச்சலாலும் அலைச்சலாலும் களைத்த மாட்டின் தசையில் அமிலம் போதிய அளவு உருவாகாது. கறி கறுத்து, சீக்கிரம் கெடும்.

சோலூர்ப் பகுதி விவசாயிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. கீழே சீகூர், முதுமலைக் காடுகள். காட்டெருமைக்கும் இந்நோய் வரும். மேய்ச்சல் பொதுவாக இருப்பதால், ஒரு வீட்டு மாடு விடுபட்டாலும் மந்தை முழுவதற்கும் ஆபத்து.

ஊசி போடும் முறையிலும் விஷயம் இருக்கிறது. இது எண்ணெய் கலந்த மருந்து. போட்ட இடத்தில் கட்டி விழலாம், சீழும் பிடிக்கலாம். தொடையிலோ பிட்டத்திலோ போட்டால், நல்ல விலை போகும் சதையைத்தான் வெட்டி எறிய வேண்டியிருக்கும். எனவே, கழுத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மலைக்குளிர் போதும் என்று வெளியே வைக்காதீர்கள்.

கன்றுக்கு நான்காம் மாதம் முதல் ஊசி; ஒரு மாதம் கழித்து இன்னொன்று. நிறைசினையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். காதுவில்லையின் 12 இலக்க எண்ணில் ஊசி விவரம் பதிவானதா என்று பாருங்கள். ஊசி போட்ட கையோடு இறைச்சிக்கு விற்காதீர்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

நோய் வந்தபின் புண்ணுக்குப் போடும் ஆன்டிபயாடிக், பாலிலும் கறியிலும் தங்கும். அந்த நாட்களில் இரண்டையுமே விற்க முடியாது. அடுத்த சுற்று ஊசிக்கு ஆள் வரும்போது மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிடாமல் கட்டி வையுங்கள்.