பூட்டு சரி; சாவி யாரிடம்?

2019ஆம் ஆண்டு. செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலே, ஓடியாடித் திரிய வேண்டிய வயதுக் காளையர் மூச்சுத் திணறி மருத்துவமனை வாயிலில் வந்து விழுந்தனர். 2020 பிப்ரவரி 18 வரை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கு: மருத்துவமனையில் சேர்ந்தவரும் இறந்தவருமாக 2,807 பேர். மாண்டவர் மட்டும் 68 பேர்.

போர் மூண்டதா? இல்லை. கொள்ளை நோயா? அதுவும் இல்லை. விரல் அளவுக் குப்பி ஒன்று செய்த வேலை அது!

'வேப்' என்கிறார்களே, மின்கலத்தால் சூடேற்றி ஆவியை இழுக்கும் கருவி, அதிலே செருகும் கார்ட்ரிட்ஜ்தான் அந்தக் குப்பி. நோயுற்றோரில் பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த எண்ணெய். அந்த எண்ணெயைப் பெருக்கிக் காட்டிக் காசு பார்க்க, 'வைட்டமின் இ அசிடேட்' என்ற பொருளைக் கலந்தனர் கள்ளச் சந்தைக்காரர்கள். தோலுக்குப் பூசும் களிம்பில் சேர்ப்பது அது. தோலுக்கு ஆகும் என்றால் நுரையீரலுக்கும் ஆகுமா? நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் நீரை ஆய்ந்தார்கள்; 48 பேரிடம் அது இருந்தது. நோயற்றவர் 99 பேரை ஆய்ந்தார்கள், ஒருவரிடமும் இல்லை.

நோயாளிகள் பலர் சொன்ன பெயர் 'டாங்க் வேப்ஸ்'. பளபளப்பான உறை, கண்ணைப் பறிக்கும் எழுத்து. ஆனால் அந்தப் பெயருக்குப் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் உண்டா? கிடையாது! வெற்று உறையை விலைக்கு வாங்கினார்கள். வெற்றுக் குப்பியை வாங்கினார்கள். கிடைத்ததை ஊற்றி விற்றார்கள்.

இதற்கு மருந்தாக நீட்டப்படுவதுதான் மின்னணுப் பூட்டு. குப்பியிலே கடுகளவு சிப் ஒன்றைப் பதிப்பார்கள். செருகியவுடன் கருவி அதனிடம் ஒரு கேள்வி கேட்கும். ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி. தன்னுள் புதைத்து வைத்த இரகசிய எண்ணைக்கொண்டு சிப் விடை கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். விடை சரியானால் சூடேறும். தவறினால் கருவி வாய் திறக்காது. வெறும் எண்ணை அச்சடித்தால் பார்த்து எழுதிக்கொள்வான் போலிக்காரன். கேள்வி மாறிக்கொண்டே இருந்தால் பழைய விடை பயன்படாது. நல்ல ஏற்பாடு. இல்லை என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பூட்டு கேட்பது, "நீ யார் வீட்டுக் குப்பி?" என்ற ஒரே கேள்வி. "உன் வயிற்றில் என்ன இருக்கிறது?" என்று அது கேட்பதில்லை! அசல் குப்பி காலியானதும் அதிலேயே நஞ்சை நிரப்பினால்? சிப் அசல், விடையும் சரி, நஞ்சுக்கும் கதவு திறக்கும். இத்தனை இழுப்போடு இதன் ஆயுள் முடிந்தது என்று சிப்பே கணக்கு வைத்துத் தன்னை முடக்கிக்கொண்டால்தான் அந்த ஓட்டை அடைபடும். இன்னோர் ஓட்டையும் உண்டு. 2019இல் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் பல, எந்தக் கம்பெனி மின்கலத்திலும் திருகிவிடக்கூடிய பொது மரையோடு வந்தவை. பூட்டே இல்லாத கதவுக்குச் சாவியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும், தோழர்களே. பூட்டு, திருடனை மட்டுமா தடுக்கும்? போட்டிக்காரனையும் தடுக்கும்! அச்சு இயந்திரம் விற்கும் லெக்ஸ்மார்க் நிறுவனம் மைக் குப்பியிலே இப்படித்தான் சிப் வைத்தது. வேறொரு நிறுவனம் அதற்கு ஈடான சிப் செய்து விற்றது. உடனே 2002 இறுதியில் வழக்கு! 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் லெக்ஸ்மார்க்கின் வாதம் எடுபடவில்லை. மையிலே நஞ்சா இருந்தது? இல்லை. காக்கப்பட்டது வாங்குவோன் உயிரா, விற்போன் இலாபமா? விடை வெளிப்படை.

2023 ஜூலையில் ஜூல் நிறுவனம் புதிய வேப் கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கேட்டது. போலிக் குப்பியை ஏற்காத அடையாளச் சிப் அதில் உண்டு என்றது. அதே ஆண்டு ஏப்ரலில், இளைஞரை நிக்கோட்டின் பழக்கத்துக்கு இழுத்ததாக நியூயார்க், கலிபோர்னியா உள்ளிட்ட மாநிலங்கள் தொடுத்த வழக்குகளை முடித்துக்கொள்ள 462 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டதும் அதே நிறுவனம்தான். போலியை விரட்டுவது நல்லது. ஆனால் அசல் எல்லாம் அமுதம் என்று எவர் சொன்னது? பூட்டு போட்ட குப்பிக்குள்ளும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான்.

நம் ஊர்க் கடைத்தெருவைப் பாருங்கள். எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது கடைக்காரரா? இல்லை, அரசு அதிகாரி. கடைக்காரரே கல்லும் செய்து, முத்திரையும் குத்தி, "நம்புங்கள்" என்றால் நம்புவோமா? அதே நியாயம்தான் இங்கும். விற்பதை அனுமதித்த நாடுகள் பூட்டைக் கட்டாயமாக்கட்டும்; கூடவே குப்பியைத் திறந்து சோதிக்கும் உரிமையும், எந்தத் தொகுதி எங்கே போயிற்று என்ற பதிவேடும் மக்கள் அரசின் கையில் இருக்கட்டும். கம்பெனியின் பெட்டிக்குள் இருக்கும் சாவி கம்பெனியைத்தான் காக்கும்.

இந்தியாவில் 2019இலேயே இந்தக் கருவியின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே, இங்கே மறைவாகக் கைமாறும் குப்பி எதற்கும் பொறுப்பாளி இல்லை, சோதித்தவர் இல்லை, நாளை உங்கள் பிள்ளை மூச்சுத் திணறினால் கேட்க ஆளும் இல்லை. ஆலை வாயிலிலோ பள்ளி வாயிலிலோ எவனாவது பளபளக்கும் உறையை நீட்டினால், அங்கே மாண்ட அந்த 68 பேரை நினைவிற் கொள்ளுங்கள்.

உறையைப் பார்த்து ஏமாறாதீர்! பூட்டைப் பார்த்தும் மயங்காதீர்! உள்ளே என்ன, பொறுப்பு யார் என்று கேளுங்கள். விடை வராத பொருளைத் தொடாதீர்கள்!