வெயில் இருக்க விளக்கு எதற்கு?

கொரோனா ஆண்டுகளில் கிருமி நீக்குவதற்கென்று பல இடங்களில் வாங்கி மாட்டிய நீல ஒளிக் குழாய் விளக்குகளை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நோய் தணிந்தது, விளக்குகள் அலமாரிக்குப் போயின. அவற்றில் ஒன்றை எடுத்து ஒளி வேதியியல் சோதனை செய்து பார்த்தால் என்ன என்று எங்கள் விஞ்ஞானக் கழகத்தில் பேச்சு எழுந்தது. கூடவே கூடாது என்பது எங்கள் கருத்து.

அக்குழாயில் இருப்பது பாதரச ஆவி. அது பெரும்பாலும் வெளிவிடுவது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். வெயிலில் உள்ள இக்கதிரை ஓசோன் படலம் வானிலேயே தடுத்துவிடுவதால், நம் கண் அதனைச் சந்தித்ததே இல்லை. பக்கத்தில் நின்று சில நிமிடம் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, மணலை அள்ளிப் போட்டாற்போல் கண் உறுத்தும், நீர் கொட்டும். வெல்டிங் பட்டறை அண்ணன்மாரைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்! இத்தனைக்கும் 254 நானோமீட்டர் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. குவார்ட்ஸ் பாத்திரம் வேண்டும். அதன் விலையோ அதிகம். நம் சோதனைக்குழாயை அவ்விளக்கின் முன் வைத்தால், கதிர் குழாய்க்குள் போகாது. நம் கண்ணுக்குள்தான் போகும்.

1801-ல் ஜெர்மனியின் யேனா நகரில் ரிட்டர் புற ஊதாக் கதிரைக் கண்டுபிடித்தபோது விளக்கா வைத்திருந்தார்? முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்தார். ஊதாவுக்கு அப்பால், வெளிச்சமே தெரியாத இடத்தில் வைத்த வெள்ளி குளோரைடு விரைந்து கறுத்ததைக் கண்டார். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் நீல் ரத்தன் தர் நம் நாட்டு வெயிலைக் கொண்டே ஒளி வேதியியல் ஆய்வுகள் செய்தார்.

நமது ஊரப்பாக்கத்தில் வெயிலுக்கா பஞ்சம்? ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்புக் கரைசலைச் சில துளிகள் விட்டு, வரும் வெண்ணிற வீழ்படிவை வடிதாளில் தடவுங்கள். பாதித் தாளைக் கறுப்புக் காகிதத்தால் மூடி வெயிலில் வையுங்கள். மூடாத பாதி ஊதாவாகிப் பின் கறுக்கும். (கையிலும் பாவாடையிலும் பட்டால் அங்கும் கறுக்கும், கையுறை அவசியம்.)

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடவாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மேகம் வந்து போகும் நாளில் அளவும் சரியாக வராது. அதற்கு 365 நானோமீட்டர் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று வாங்கலாம். இக்கதிர் கண்ணாடிக்குள் செல்லும். விளக்கில் பாதரசமும் இல்லை. ஆயினும் மூடிய பெட்டிக்குள் வைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிந்தே இயக்கவேண்டும்.

அதுவரை, பள்ளி நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இரண்டே: பழைய விளக்கு உள்ள அலமாரிக்கு ஒரு பூட்டு, புதன்கிழமை மதியங்களில், ஆசிரியை உடனிருக்க, மொட்டை மாடிச் சாவி.