சங்கு ஊதுகிறவர்கள்

"காலம் மாறும், பொறுத்திருங்கள்" என்று உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலம் எதைத் தானாக மாற்றியது? மனிதர்கள் மாற்றினார்கள், பெயரைக் காலம் தட்டிக்கொண்டு போயிற்று.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு. கூடியவர்களில் பெரும்பாலோர் காது கேட்கும் ஆசிரியர்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சே போதும், சைகை மொழி வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். பிள்ளைகளை யார் கேட்டார்கள்? அந்தத் தீர்மானம் தவறு என்று வருத்தம் தெரிவித்தது 2010-இல், வான்கூவர் மாநாட்டில். நூற்று முப்பது வருஷம்! பொறுத்திருக்கச் சொல்கிற புண்ணியவான்கள் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நம் நாட்டில் 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி செவித்திறன் குறைந்தவர்கள் சுமார் ஐம்பது லட்சம் பேர். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியை ஏற்றுக்கொண்டது. 2018-இல் இந்திய சைகை மொழிக்கு மூவாயிரம் சொற்களோடு ஓர் அகராதியும் வந்தது. எல்லாம் டெல்லியில். அங்கே பிறந்த சட்டம் பெரம்பலூருக்கு எந்த பஸ் பிடித்து வருகிறது?

பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், மறுவருஷமே சேர்த்தார்கள், 2007-இல் மறுபடியும் பிரித்தார்கள். ஒரு கோட்டைப் போடவும் அழிக்கவும் திரும்பப் போடவும் தெம்பிருந்த சர்க்காருக்கு, திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் சைகை மொழி தெரிந்த ஒருவரை உட்கார வைப்பது மலையைப் பெயர்க்கும் காரியமா?

"உன்னால் என்ன ஆகும்?" என்கிறார்கள். உண்மைதான். என்னிடம் இருப்பது ஒரு பேனா. அரியலூரில் அலறிக்கொண்டு ஓடும் சுண்ணாம்புக்கல் லாரியின் ஹாரனைக்கூட அதனால் அடக்க முடியாது. ஒதுங்காதவரைப் பார்த்து, "டேய் செவிடா!" என்று டிரைவர் திட்டுகிறார், அவருக்கு நிஜமாகவே கேட்காது என்று தோன்றுவதே இல்லை. இந்தக் கையாலாகாத்தனம் என்னைத் தின்கிறது.

ஆனால் 1956 நவம்பரில் இதே அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய் ரயில் கவிழ்ந்தபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். மழையை அவரா பெய்வித்தார்? வெள்ளத்தை அவரால் நிறுத்த முடிந்திருக்குமா? தம் சக்திக்கு அப்பாற்பட்டதற்கும் பொறுப்பு உண்டென்று ஒப்புக்கொண்டார். நாமோ சக்தி இல்லை என்பதையே காட்டிப் பொறுப்பைக் கழற்றி வைக்கிறோம்.

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று ஒரு பழமொழி. காது கேளாதவரிடம் சங்கை எடுத்துக்கொண்டு போனவனின் புத்தியை இதுவரை யாராவது பழித்ததுண்டா? தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று, கையால் பேசியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

ஆகவே, வாசகர்களே, வருகிற திங்கட்கிழமை உங்கள் ஊர்க் கலெக்டர் ஆபீஸுக்குப் போய், சைகை மொழி தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் நன்றி சொல்லுங்கள். இல்லை என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.