பொடி கேட்காத கேள்வி

ரெம்பாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். வெயில் ஏறுவதற்கு முன்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து பெரட்டுக்குப் போவார். இரவு எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். “உடம்பு அசந்தா தூக்கம் தானா வரும்” என்பது அவர் கட்சி. அப்படியும் வராதவர்களுக்குப் பாலில் ஜாதிக்காய் இழைத்துக் கொடுப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் அமுக்கராப் பொடி.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் பருவத்தின்போது என் தூக்கம் போனது. விடுதியில் படுத்தால் மூன்று மணி வரை கண் மூடாது. காலையில் ஒரே பக்கத்தை நான்கு முறை படிப்பேன், ஒன்றும் ஏறாது. அறைத்தோழி கதவைச் சற்று வேகமாகச் சாத்தினால் அழுகை வரும். வீட்டில் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு டின் அமுக்கராப் பொடி வந்து சேர்ந்தது.

முதல் பத்து நாள் தூங்கினேன். பிறகு பழைய கதைதான். நானாகவே ஒரு கரண்டியை இரண்டாக்கினேன். வயிறு கெட்டது, விரிவுரையில் தலை தொங்கியது, இரவில் மட்டும் விழிப்பு.

அமுக்கராவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதன் தாவரவியல் பெயரில் இருக்கும் ‘சோம்னிஃபெரா’ என்ற சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள். கிளந்தானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் 2021இல், 400 பேரிடம் நடந்த 5 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தூக்கம் மேம்பட்டது உண்மை, ஆனால் சிறிய அளவில்தான். தினமும் 600 மில்லிகிராமுக்குக் குறையாமல், 8 வாரமாவது எடுத்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அது அளவிட்டுத் தயாரித்த வேர்ச்சத்து. எங்கள் வீட்டுக் கரண்டிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

வேலை செய்யும் பொருள் என்றால் அது மருந்துதான். மருந்துக்குப் பக்க விளைவும் உண்டு. தைராய்டு, பாலியல் ஹார்மோன்களை அமுக்கரா பாதிக்கலாம் என்ற கவலையில் டென்மார்க் 2023இல் அதற்குத் தடை விதித்தது. ஈரல் பாதிப்பு ஏற்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஜாதிக்காயும் சாதுவல்ல, ஒரு சிட்டிகை மணம் தரும், கரண்டிக் கணக்கில் போனால் படபடப்பும் இல்லாததைக் காணும் மயக்கமும் வரும். இணையத்தில் வாங்குபவர்கள் பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். பாரம்பரிய மருந்தானால் கடைசி எழுத்து ‘டி’. அந்த எண்கூடப் பாதுகாப்பையும் தரத்தையும் சோதித்ததற்கான அடையாளம்தான். நோய் தீரும் என்ற உத்தரவாதம் அல்ல.

என் பாட்டி ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். கிளினிக்கில் “ஊபாட் லாயின் அடா?” என்று கேட்டால் “தாடா” என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அமுக்கரா மருந்தே அல்ல, வீட்டுச் சாமான்.

ஆனால் எனக்கு நடந்தது வேறு. பொடியும் பலிக்காமல் கடைசியில் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போனேன். என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. “தூக்கம் எந்த வாரத்திலிருந்து போனது?” என்று கேட்டார். யோசித்தேன். ஒரு பாடத்தில் தோல்வி என்று தெரிந்த வாரம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கல்விக் கடன் நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. யாரிடமும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் “தூக்கம் வரல” என்று சொல்லலாம், உடனே பால் காய்ச்சுவார்கள். “மனசு சரியில்ல” என்று சொல்வதுதான் கடினம். சொன்னால் கண்ணேறு கழிப்பார்கள், இல்லையென்றால் போனைக் குறை சொல்வார்கள். (போனிலும் குற்றம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.) அதனால்தான் நாம் மூலிகையோடு நின்றுவிடுகிறோம் என்று நினைக்கிறேன். அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. மனச்சோர்வின் முதல் அறிகுறியே தூக்கக் கோளாறாக இருக்கலாம். சில வாரங்களாகத் தூக்கம் இல்லை, படிப்பும் ஓடவில்லை என்றால் பொடியின் அளவைக் கூட்டாதீர்கள், ஆளிடம் பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணும் இருக்கிறது.

நீடித்த தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் மருத்துவர்கள் பரிந்துரைப்பது பேச்சும் பழக்க மாற்றமும் சேர்ந்த சிகிச்சையைத்தான். தூக்கம் வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போவது, எப்போது படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது என்று ஆலோசகர் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பெரட்டு மணிதான் நினைவுக்கு வந்தது.

சென்ற விடுமுறையில் பாட்டி வழக்கம்போல் பால் கொண்டுவந்தார். குடித்துக்கொண்டே தோல்வியடைந்த பாடத்தைப் பற்றிச் சொன்னேன். “ஏம்மா, இத அப்பவே சொல்றதுக்கென்ன?” என்றார். அடுத்த கிளினிக் நாளுக்கு அந்த அமுக்கரா டின்னையும் பையில் எடுத்துப் போகும்படி சொல்லியிருக்கிறேன். முனகினார், ஆனால் மறுக்கவில்லை.